கூப்பிட்டவரின் பெயர்

ஆபீசில் எங்கள் அக்கா கடைசியாகக் கொடுத்த பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. அவரைத் தெரியாதவர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். தன் பெயரை எங்கேயும் விட்டுவிடுகிற ஆள் இல்லை அவர்.

தேநீருக்கு மாமாக் கடையில் போய் உட்கார்ந்தால் எல்லோருக்கும் அவர்தான் சொல்வார். "ஒரு கோப்பி ஓ, ஒரு தே தாரிக், ஒரு மைலோ ஐஸ்" என்று எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் தன் நெஞ்சில் விரலை வைத்து, "எனக்கு ஒரு தே ஓ, சீனி கொஞ்சமா" என்பார். அந்த விரல் ஒரு நாளும் தவறியதில்லை. கல்யாணத்துக்கு வேனில் போனால் ஏறியவர்களை எண்ணிவிட்டு, "அப்பறம் நான்" என்று உரக்கச் சொல்லித்தான் கதவைச் சாத்துவார். தீபாவளிக்கு முறுக்கு டின் வந்தால் பங்கு பிரிப்பதும் அவர்தான், முதல் டின் அவர் மேசைக்கு அடியில் போவதும் நிச்சயம்.

"தன்னைத்தான் மொதல்ல பாத்துக்கும்லா அது" என்று கணக்குப் பிரிவில் பேசிக்கொள்வார்கள். நானும் சில காலம் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததை மனதில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லாததால் ஒருமுறை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

"ஆமாலா. என்னய நான் பாக்காம வேற யாரு பாப்பா?" என்றார். கோபமே இல்லை. முறுக்கும் தரவில்லை.

அது ஈப்போவில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கம்பெனி. சிம்பாங் பூலாயில் கிடங்கு, டவுனில் ஆபீஸ். கேமரன் மலையிலிருந்து சிலிம் ரிவர் வரை சின்னச் சின்னக் கடைகளுக்கு அரிசி, எண்ணெய், சார்டின் டின் எல்லாம் எங்கள் லாரியில்தான் போகும். கம்ப்யூட்டர் பிரிவில் நாங்கள் நான்கு பேர். அக்கா தலைமை. ஆர்டர் எடுக்கும் புரோகிராம் என் பொறுப்பு. ஒயர் இழுக்கவும் பிரின்டர் பார்க்கவும் ஒரு வயதான சீனர், அவரை எல்லோரும் அங்கிள் என்போம். கடைகளிலிருந்து வரும் போன்களுக்குப் பதில் சொல்ல யாத்தி என்ற மலாய்ப் பெண்.

கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பின்னறையில் இருந்தது ஒரே ஒரு பெரிய சர்வர். அதற்குள்ளே பல கம்ப்யூட்டர்கள், உடம்பு இல்லாமல், வெறும் மென்பொருளாக ஓடிக்கொண்டிருந்தன. ஆர்டருக்கு ஒன்று, கிடங்கு இருப்புக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, இப்படி. விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். ஒவ்வொன்றும் வெளியே பேசுவதற்கு ஒரு நெட்வொர்க் அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டர்கள் எல்லாம் போய்ச் சேர ஒரு சுவிட்ச் வேண்டும். அவையும் மென்பொருள்தான், கையால் தொட முடியாது. யாத்தி வேலைக்கு வந்த புதிதில் இது புரியாமல் விழித்தாள். அக்கா அவளுக்கு மலாயில் சொன்ன விளக்கம் தமிழில் இப்படி வரும்:

"எஸ்டேட் லயம் பாத்திருக்கியா? ஒரே நீளக் கட்டடம், ஒரே கூரை. உள்ளுக்குள்ள வீடு வீடா தடுத்திருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசல். அடாப்டர்னா அந்த வாசல். சுவிட்ச்னா வாசலுக்கு முன்னால ஓடுற செம்மண் ரோடு. ரோட்டுல கால் வைக்காதவன் எங்கயும் போக முடியாது."

நான் காசு கட்டிப் படித்த எந்த வகுப்பிலும் இத்தனை சுலபமாக யாரும் சொன்னதில்லை.

யார் யார் எந்த ரோட்டில் நிற்கிறார்கள் என்று பார்க்க மவுஸால் தட்டித் தட்டியும் பார்க்கலாம். ஒரு மெஷினைத் தொட்டால் அதன் விவரம் மட்டும் கீழே தெரியும். அடுத்ததைத் தொட்டால் அடுத்தது. அக்காவுக்கு அது பிடிக்காது. "வாசல் வாசலா போயி கதவத் தட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்பார். கறுப்புத் திரையைத் திறந்து, இரண்டு விரலால் மெதுவாக ஒரு வரியை அடிப்பார்.

Get-VMNetworkAdapter -VMName *

அந்த நட்சத்திரக் குறிக்கு எல்லா மெஷினும் என்று பொருள். என்டர் தட்டினால் எல்லா அடாப்டரும் வரிசையாக வந்து நிற்கும். எந்த மெஷினுடையது, எந்தச் சுவிட்சில் இருக்கிறது, என்ன முகவரி, எல்லாம் ஒரே பார்வையில். அக்கா அதை மனதுக்குள் படிக்க மாட்டார். ஒவ்வொரு பெயராக வாய்விட்டுக் கூப்பிடுவார். இதற்கு அவர் வைத்த பெயர் பெரட்டு.

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். நாங்கள் ஈப்போ டவுனை விட்டுத் தாண்டாத குடும்பம். அக்கா பிறந்தது சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பால் வெட்டப் போவதற்கு முன்னால் விடியற்காலையில் எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்பார்களாம், தண்டல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாராம், அதுதான் பெரட்டு என்று சொல்லிக் கொடுத்தார். தண்டல் என்றால் வேலையாட்களை மேய்க்கிறவர். அக்காவின் அப்பா அந்தத் தோட்டத்துத் தண்டல். குமாஸ்தாவுக்குத் தோட்டத்தில் கிராணி என்று பெயர். அன்றிலிருந்து எனக்கும் அதுதான் பெயர்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் அவருக்குப் பெரட்டு போட்டாக வேண்டும். இதனால் எனக்கும் அவருக்கும் நடந்த சண்டைகள் கொஞ்சமல்ல. ஒரு நாள் காலையில் ஆர்டர் மெஷின் காணாமல் போய்விட்டது. கடைக்காரர்கள் போன் மேல் போன். யாத்தி இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் ஓடிப் போய், "அக்கா, ரீஸ்டார்ட் பண்ணிருவோம்" என்றேன்.

"மொதல்ல பெரட்டு போடுவோம்."

"லாரி நிக்குதுக்கா!"

"நிக்கட்டும்லா. ஓடவா போவுது?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரோ ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறார். சம்பளம், இருக்கான். கிடங்கு, இருக்கான். என் மெஷின் வந்தபோது விரலை நிறுத்தினார். மற்ற எல்லாவற்றுக்கும் சுவிட்சின் பெயர் இருந்த இடத்தில் அதற்கு மட்டும் வெறுமையாக இருந்தது. முதல் நாள் செய்த ஏதோ மாற்றத்தில் இணைப்பு கழன்றிருக்கிறது.

"உன் ஆளு நல்லாத்தான் இருக்கான் கிராணி. குளிச்சி, சாப்ட்டு, ரெடியா உக்காந்திருக்கான். ரோட்டுலதான் கால் வைக்கல." இன்னொரு வரியை அடித்தார். போன்கள் ஓய்ந்தன. நான் சொன்னபடி ரீஸ்டார்ட் செய்திருந்தால் அது எழுந்து மறுபடியும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதை அவர் சொல்லிக் காட்டுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பாராட்டும் தெரியாது, குத்திக் காட்டவும் தெரியாது. அவரிடம் எனக்குப் பிடித்ததும் எரிச்சல் தந்ததும் அதுதான்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டார்.

பழைய சுவிட்சை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைக்க வேண்டியிருந்தது. ஆட்கள் வேலை செய்யாத நாளில் செய்யலாம் என்று பத்து காஜாவில் தன் வீட்டிலிருந்தபடியே லேப்டாப் வழியாகச் சர்வருக்குள் போய் ஒவ்வொரு அடாப்டராகப் புதிய சுவிட்சுக்கு மாற்றினார். பெரட்டு போட்டார். எல்லோரும் புது ரோட்டில். பழைய ரோட்டில் ஒருவரும் இல்லை. பழையதை அழித்தார். அத்தோடு அவர் திரை அப்படியே நின்றுவிட்டது.

நான் அன்று ஒரு அவசர லோடுக்காகக் கிடங்கில் இருந்தேன். போன் வந்தது.

"கிராணி, உன் மெஷின் ஓடுதா?"

"ஓடுதுக்கா. ஏன்?"

"சம்பளம்? கிடங்கு?"

"எல்லாம் ஓடுது. என்னாச்சி?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. ஊட்டுக்காரனத்தான் காணோம். வாரேன் இரு" என்று வைத்துவிட்டார்.

ஆபீசுக்கு நானும் போனேன். பின்னறையில் ஏர்கண்டிஷன் குளிரில், சர்வருக்கு நேராக ஒரு திரையையும் கீபோர்டையும் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். விஷயம் இதுதான். லயத்து வீடுகளுக்கு மட்டும்தான் வாசல் என்பதில்லை. அந்தக் கட்டடத்துக்கே, அதாவது அத்தனை மெஷினையும் சுமக்கிற சர்வருக்கே, ஒரு அடாப்டர் உண்டு. அது பழைய சுவிட்சில்தான் இருந்தது. ஆனால் நட்சத்திரம் போட்டுக் கூப்பிட்டால் அது வராது. உள்ளே குடியிருக்கிற மெஷின்கள் மட்டும்தான் வரும். எல்லோரையும் வைத்திருக்கிறவன் பெயர் அந்தப் பெரட்டில் கிடையாது. அக்கா ரோட்டை அழித்தபோது அவனும் அதோடு போய்விட்டான்.

சரிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. சரிசெய்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. முதலில் சிரித்தார். பிறகு பார்த்தால் கண்ணில் தண்ணீர்.

"எங்கப்பா பண்ண அதே வேல தம்பி. அச்சா அதே வேல."

அன்றுதான் அந்தக் கதையைச் சொன்னார்.

"எஸ்டேட்ட வித்துட்டாங்க. ரப்பர வெட்டிட்டு வீடு கட்டப் போறாங்க. இருக்குற குடும்பங்களுக்கு மலிவு வீடு தாரோம்னு சொல்லி ஆபீஸ்லருந்து எழுத வந்தாங்க. யாரு யாரு இருக்காங்கன்னு எங்கப்பாவுக்குத்தானே தெரியும்? காலையில பெரட்டுக் களத்துல நின்னு எப்பயும் கூப்புடுற மாரியே கூப்புட்டாரு. ஒவ்வொரு குடும்பமா முன்னால வந்துச்சி, எழுதிக்கிட்டாங்க. தண்டலுக்கு மாசச் சம்பளம்லா, அவரு பேரு பெரட்டுல இருக்காது. அத்தன வருசத்துல ஒரு நாளும் அவரு பேர அவரு கூப்புட்டதில்ல. அன்னிக்கும் கூப்புடல."

"அப்பறமா போயி சொல்லியிருக்கலாமே அக்கா?"

"அம்மா போயி கத்திச்சி. வீடெல்லாம் முடிஞ்சிருச்சின்னுட்டாங்க. நாங்க பத்து காஜாவுல கடைக்கு மேல ஒரு ரூம்புக்கு வந்தோம். அப்பா ஒரு ஸ்கூல்ல காவக்காக்குற ஜாகா வேலைக்குப் போனாரு. மத்தவங்கல்லாம் சொந்த வீட்டுல இருந்தாங்க. தண்டல் வீடு மட்டும் வாடகைக்கு."

அம்மா அதை மன்னிக்கவே இல்லையாம். வாடகை ஏறும்போதெல்லாம், கூரை ஒழுகும்போதெல்லாம், "பேர மறந்த மனுசன்" என்று தொடங்கிவிடுவாராம். அப்பா பதிலுக்கு "விட்டுப்போச்சி" என்ற ஒரே வார்த்தைதான் சொல்வாராம். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அம்மா விடவில்லை. திதிக்குப் படையல் போட்டுவிட்டு, "ஓம் பேரயாவது ஞாவகம் வச்சிக்கிட்டு வந்து சாப்புட்டுப் போ" என்று படத்தைப் பார்த்துச் சொல்வாராம். அக்கா இதைச் சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

"ஸ்கூல் படிக்கிறப்பயே முடிவு பண்ணிட்டேன். எங்க பேரு கூப்புட்டாலும் என் பேர நானே சொல்லிருவேன். யாரு என்னா வேணா நெனச்சிக்கட்டும். மனுசங்க கணக்குல நான் விட்டதே இல்ல தம்பி. மெஷின் கணக்குல விட்டுட்டேன் பாரு."

மாமாக் கடையில் நெஞ்சுக்குப் போகிற அந்த விரல் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முறுக்கு டின்னைப் பற்றி அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து பெரட்டு மாறியது. அதே வரியில் கடைசியில் -VMName, நட்சத்திரம் இரண்டையும் எடுத்துவிட்டு -All என்று அடிப்பார். குடியிருக்கிறவர்களோடு சர்வரின் சொந்த அடாப்டரும் சேர்ந்து வரும். வரிசையில் அது எங்கே வந்து நின்றாலும் அக்கா அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார். எல்லோரையும் கூப்பிட்டு முடித்து, ஒரு நொடி நிறுத்தி, "ஊட்டுக்காரன்... இருக்கான்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அங்கிள் கூடத் தன் ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். தமிழில் அவருக்குத் தெரிந்த சில வார்த்தைகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனியை விற்றார்கள். வாங்கியது கோலாலம்பூரில் ஒரு பெரிய கம்பெனி. அவர்களுக்கு அங்கேயே சர்வர் எல்லாம் இருந்தன. எங்கள் பின்னறை அவர்களுக்குத் தேவையில்லை. எங்களில் மூன்று பேரை மட்டும் வைத்துக்கொள்வதாகவும், யார் யார் என்று பிரிவுத் தலைவரே பெயர் அனுப்பட்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

நான்கு பேர், மூன்று இடம். அந்த வாரம் முழுக்க எங்கள் பிரிவில் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. யாத்தி இயல்பைவிட அதிகமாகச் சிரித்தாள். அங்கிள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரின்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அக்காவின் பெயர் இருக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. தன்னை விட்டுவிடுகிற ஆளா அவர்? எங்கள் மூவரில் யார் என்பதுதான் எங்கள் கவலை. எனக்கு வீட்டுக் கடன் இருந்தது, பயமும் இருந்தது. நானாக இருக்கக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டேன். வேறு யார் பெயரையும் சொல்லிக் கும்பிடவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

கடைசி நாள் மதியம் எங்களைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். கோலாலம்பூர்க்காரர்கள் சர்வரில் என்னென்ன இருக்கிறது என்ற விவரமும் கேட்டிருந்தார்கள். அந்த வரியைக் கடைசி முறையாக அடித்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஊட்டுக்காரனும் இருந்தான். பிறகு மெயிலைத் திறந்து, அதே குரலில் எங்களைக் கூப்பிட்டார்.

"அங்கிள். யாத்தி. கிராணி."

நிறுத்தினார். நான் அந்த விரலுக்காகக் காத்திருந்தேன். அது கீபோர்டின் மேலேயே இருந்தது.

"முடிஞ்சிருச்சி. போயி வேலையப் பாருங்க."

"கூப்புட்டவங்க பேரு எங்கக்கா?" என்றேன்.

"மூனு எடம்னா மூனு பேருதான்லா. இதுல என்னா கேள்வி?"

"நீங்கதான் ஹெட்டு. ஒங்கள விட்டுட்டு எப்படி அனுப்புவீங்க?"

"அங்கிளுக்கு இந்த வயசுல எவன் வேல தருவான்? யாத்தி கைப்புள்ளக்காரி. ஒனக்கு அந்த ஒரு புரோகிராம விட்டா வேற ஒன்னும் தெரியாது. எனக்கு வேல கெடைக்கும். ஒங்க மூனு பேரயும் விட எனக்கு நல்லாத் தெரியும்." இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெரட்டில் பார்த்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் இடம் போகவில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம், அந்த நிம்மதி மேலேயே வந்த கோபம் ஒரு பக்கம். "மறந்துட்டேன்னு சொல்லுங்க, நானே ஒங்க பேர எழுதறேன். அப்பறம் அவங்க பாத்துக்கட்டும்" என்று கீபோர்டைப் பிடித்து இழுத்தேன்.

"விடுடா. நான் ஒன்னும் மறக்கல."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி முகம் மாறியது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மறக்கல" என்றார் மறுபடியும், இந்த முறை எனக்காக இல்லை. "தம்பி, அம்மா போயி கேட்டப்ப வீடு முடிஞ்சிருச்சின்னாங்கல்ல? அப்ப வீடு பத்தலன்னுதானே அர்த்தம்? யாராச்சும் ஒரு குடும்பத்த விட்டாகணும். அங்க நின்னு கூப்புடுறது எங்கப்பா. அவரு யார விடுவாரு?"

நான் பிடித்திருந்த கீபோர்டை விட்டேன்.

"அவரும் மறக்கலடா. இத்தன வருசம் அந்த மனுசன மறதிக்காரருன்னு..." கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தமிழ் புரியாத யாத்தி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். பிறகு அக்கா முகத்தைத் துடைத்தார், மெயிலை அனுப்பினார், கைப்பையை எடுத்தார். "அம்மாகிட்ட சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அன்று சீக்கிரமே கிளம்பிப் போனார்.

வேலை கிடைக்கும் என்று அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது, ஆனால் சீக்கிரம் நடக்கவில்லை. பினாங்கில் ஒன்று கிடைத்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வெகு மாதங்கள் ஆயின. அதற்கு முன்னால், அவர் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த நாட்களில், ஒரு சனிக்கிழமை நாங்கள் மூவரும் பத்து காஜாவுக்கு அவரைப் பார்க்கப் போனோம். வழியில் நிறுத்தி இரண்டு பெரிய தம்புன் பம்பளிமாஸ் வாங்கிக்கொண்டோம். வெறுங்கையோடு போக முடியாத வீடாகிவிட்டது அது.

சின்ன வாடகை வீடு. சுவரில் அப்பா படம், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அம்மா ஒடுங்கிய உடம்பு, ஆனால் பார்வையில் ஒரு தண்டலுக்குரிய கண்டிப்பு. எங்களை உட்கார வைத்துவிட்டு அக்கா தேநீர் போட அடுப்படிக்குப் போனார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அம்மா, அக்கா சொன்னாங்களா? ஐயா பேர மறக்கலன்னு?"

"சொன்னா. மூக்க சிந்திக்கிட்டு வந்து சொன்னா." அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "எனக்குத் தெரியாதா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அந்த எஸ்டேட்டுல எந்த மாட்டுக்கு எந்தக் கன்னுன்னு தெரிஞ்ச மனுசன் தம்பி அவரு. சொந்தப் பேரா மறந்து போவும்? அன்னிக்கு ராத்திரி அவரு மூஞ்சப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏம்மா இத்தன வருசமா மறந்தாரு மறந்தாருன்னு..."

"வேற என்னா சொல்லித் திட்டுறது? விட்டுக்குடுத்தாருன்னு திட்ட முடியுமா? வீடு கெடச்சதுங்க அத்தனையும் அவரப் பாத்தா கையெடுத்துக் கும்புடும். மறந்தாருன்னாத்தான் நான் திட்டலாம். அவருக்கும் அது தெரியும். அதான் விட்டுப்போச்சி விட்டுப்போச்சின்னு வாங்கிக்கிட்டாரு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அம்மா அதைக் கவனித்த மாதிரிதான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"எனக்கு வீடு போனது கூடப் பெருசில்ல. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயே. நம்மள விட்டுருவோமா புள்ளன்னு ஒரு வார்த்த. நான் வேணான்னா சொல்லியிருப்பேன்?" கொஞ்சம் யோசித்தார். "சொல்லியிருப்பேனோ என்னமோ. ஆனா கேட்டுருக்கணும்லா. அவரு பேர மட்டுமா விட்டாரு? என் பேரயும் இவ பேரயும் சேத்துத்தானே விட்டாரு?"

படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"இப்ப இவளும் கேக்கல."

அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது அக்காவின் சம்பளம் ஒன்றுதான். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதுவரை நான் அதை அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அக்கா எங்களையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்கு பேரும் சேர்ந்து வேறு ஏதாவது முயன்று பார்த்திருக்கலாம். முடியாமலும் போயிருக்கலாம். அம்மாவின் கோபம் எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது. அது எனக்குள்ளும் இருந்தது.

அக்கா தட்டோடு வந்தார். கண் சிவந்திருந்தது. அங்கிளுக்கு ஒன்று, யாத்திக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

அம்மா தன் கோப்பையைத் தொடவில்லை. தட்டைப் பார்த்தார்.

"ஒன்னுது எங்க?"

"நான் அப்பறமா குடிச்சிக்கிறேம்மா."

"அப்பறம் என்னா அப்பறம்? போயி எடுத்துக்கிட்டு வா."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அடுப்பில் மறுபடியும் தண்ணீர் கொதிக்க வைக்கிற சத்தம் கேட்டது. அங்கிள் எடுத்த கோப்பையைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். அக்கா தன் தே ஓவோடு வந்து எங்கள் நடுவில் உட்காரும் வரை நாங்கள் ஒருவரும் குடிக்கவில்லை.